மூக்குக்கு மருந்து வாங்குமுன்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் ஒரே தும்மல். மூக்கைப் பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எழுந்தவுடன் மூக்கு ஒழுகத் தொடங்கிவிடும். மூன்று வாரமாகச் செடிரிசின் போட்டும் நிற்கவில்லை. கடைக்காரர் லீவோசெடிரிசின் என்று விலை கூடிய ஒன்றைத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். செடிரிசின் இரண்டு பாதிகளின் கலவை என்றால், அதில் வேலை செய்யும் பாதிதான் லீவோசெடிரிசின். லோரடாடின், டெஸ்லோரடாடின் என்ற வேறு இரண்டு அலர்ஜி மாத்திரைகளின் உறவும் ஏறக்குறைய இதே கதைதான். முன்னது உடம்புக்குள் போய்ப் பின்னதாக மாறுகிறது. பெயர் புதிது, ஆள் பழசு. தவிர, இந்த மாத்திரைகள் கேட்பதாக இருந்தால் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மூன்று வாரம் கேட்காத மூக்கு வேறு ஏதோ சொல்கிறது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அரிப்பு இருக்கிறதா? மூக்குக்குள், கண்ணில், மேலண்ணத்தில்? இருந்தால் அலர்ஜிக்கு வாய்ப்பு அதிகம். தூசி உண்ணி (தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்), மகரந்தம், பூஞ்சை, பூனையின் தோலில் உதிரும் செதில் என்று ஏதோ ஒன்றை உடம்பு எதிரியாக எண்ணி, அது மூக்கில் பட்டதும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. அடுக்குத் தும்மலும் கண் நமைச்சலும் அதனால்தான். செடிரிசின்போல ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைக்கு இங்கே வேலை உண்டு. அப்போதும் தும்மலும் ஒழுகலும் அடங்குகிற அளவுக்கு அடைப்பு விலகாது.

அரிப்பே இல்லாமல், குளிர்காற்று பட்டால், வாசனைத் திரவியம் அடித்தவர் கடந்து போனால், காரமாகச் சாப்பிட்டால் மட்டும் மூக்கு தண்ணீராகக் கொட்டுகிறது என்றால் அது அலர்ஜி இல்லாத மூக்குத் தொந்தரவு. மூக்கின் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் சின்ன விஷயத்துக்கும் பெரிதாக எகிறுகின்றன, அவ்வளவுதான். பெரும்பாலும் இருபது வயதுக்குப் பிறகு தலைகாட்டும். கர்ப்பகாலத்திலும் வரும். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வரும். இதற்குச் செடிரிசினை இரட்டிப்பாகப் போட்டாலும் தூக்கம்தான் மிச்சம். இரண்டும் கலந்த மூக்குகளும் நிறைய.

இரண்டு வாரம் கைப்பேசியில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த அறையில், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வாசனை. அதோடு மருத்துவரிடம் போனால் பாதி வேலை முடிந்தது. அசெலாஸ்டின் ஸ்ப்ரே இரண்டு வகைக்குமே கேட்கும். வெறும் ஒழுகல் மட்டும் என்றால் இப்ராட்ரோபியம் ஸ்ப்ரே. எது உங்களுக்கு என்பதை அவர் சொல்லட்டும்.

கேள்வி: ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தை எட்டு மாதமாகப் போடுகிறேன். இப்போது இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. இன்னும் வலுவானது இருக்கிறதா?

பதில்: இந்தப் பாட்டிலோடு எனக்கும் பழைய சகவாசம் உண்டு. ஒரு சளியின்போது வாங்கினேன். பிறகு தலையணைக்கடியில் ஒன்று, மேசையில் ஒன்று, பையில் ஒன்று என்று குடும்பம் பெருகியது. ஒருநாள் நடுராத்திரி காலிப் பாட்டிலைக் கவிழ்த்து, உள்ளங்கையில் தட்டித்தட்டிக் கடைசிச் சொட்டைத் தேடியபோதுதான், அது எனக்கு மருந்தாக இல்லை என்று உறைத்தது.

டப்பாவில் ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று இருக்கும், பாருங்கள். வீங்கிய ரத்தக் குழாய்களை இது சட்டென்று சுருக்குகிறது. வேகம் தணிந்ததும் அவை முன்னைவிட வீங்குகின்றன. மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். உங்களுக்கு இப்போது இருக்கும் அடைப்பில் பெரும்பங்கு அந்த மருந்தே உண்டாக்கியதாக இருக்கலாம். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள்தான் இதற்குக் கணக்கு. அந்த எச்சரிக்கை உள்ளே மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். முகப்பில் இருப்பது பனிமலைப் படம்.

வலுவானதைத் தேடாதீர்கள், நிறுத்துங்கள். மருத்துவரைக் கேட்டு ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒன்றைத் தொடங்கிவிட்டு, முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அது தானாகத் திறக்கத் தொடங்கியதும் அடுத்தது. ஒரு வாரமோ அதற்கு மேலோ தூக்கம் கெடும். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் இந்தப் பாட்டிலை எடுக்குமுன்பே மருத்துவரைக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நான்கு நாள் அடித்தேன். அடைப்பு அப்படியே இருக்கிறது, போதாததற்கு மூக்கில் லேசாக ரத்தம். காசு வீண்தானே?

பதில்: இல்லை. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை சொட்டு மருந்துபோல உடனே திறக்காது. தினமும் அடித்தால் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். நான்காம் நாள் மூலையில் வைத்துவிட்டு ‘இது சரியில்லை’ என்பவர்கள் ஏராளம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம்: அளவு மைக்ரோகிராமில்தான், இவை இரண்டும் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. குழந்தைக்கென்றால் மட்டும் மாதக்கணக்கில் சொந்தமாகத் தொடராதீர்கள்.

ரத்தம் வருவது பெரும்பாலும் அடிக்கும் விதத்தால்தான். மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். பாட்டில் புதிதென்றால் மெல்லிய சாரல் வரும்வரை காற்றில் சில தடவை அழுத்துங்கள். தலையை அண்ணாந்து பார்க்காமல் சற்றுக் குனியுங்கள். இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. கையை மாற்றினாலே முனை நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பிவிடும். மூச்சை மெதுவாக இழுங்கள். மருந்து தொண்டையில் இறங்குவது தெரிந்தால் பலமாக உறிஞ்சியிருக்கிறீர்கள்; அது வயிற்றுக்குப் போய்விட்டது. இப்படி அடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் எழுதிய மருத்துவரிடமே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: சளி, தலைவலி, மூக்கடைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்று விற்கிறார்களே, நல்லதா?

பதில்: பின்புறத்தைப் படியுங்கள். அடைப்புக்கென்று ஃபினைலெஃப்ரின் இருந்தால், மாத்திரையாக விழுங்கும் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மூக்குக்குப் போய்ச் சேருமுன் குடலிலும் ஈரலிலுமே பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. சீட்டில்லாமல் கடையில் விற்கும் அடைப்பு மருந்துகளின் பட்டியலில் இருந்து அதை நீக்கலாம் என்று 2024 நவம்பரில் அந்த அமைப்பே முன்மொழிந்தது. கூடவே பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்குத் தனியாகவும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். குளோர்ஃபெனிரமின் இருந்தால் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: தூசி அலர்ஜி என்று சோதனையில் தெரிந்தது. ஏர் பியூரிஃபயர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சோதனை எந்தத் தூசியைச் சொன்னது? தூசி உண்ணி என்றால் முதல் செலவை மெத்தையில் போடுங்கள். உண்ணியின் கழிவு கனமானது. படுக்கையை உதறினால் கிளம்பும், சிறிது நேரத்தில் படிந்துவிடும். அறை மூலையில் சுற்றும் இயந்திரத்துக்கு அது கிடைக்காது. ஜிப் வைத்த நெருக்கமான உறையை மெத்தைக்கும் தலையணைக்கும் போட்டு, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அறை ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உண்ணி பெருகாது. அதனால் ஈரப்பதமூட்டும் கருவியை நீங்கள் வாங்கவே கூடாது.

பூனைச் செதிலோ மகரந்தமோ புகையோ என்றால் இயந்திரம் உதவும். அப்போது ‘ஹெப்பா போல’, ‘ஹெப்பா வகை’ என்ற சொற்களில் ஏமாறாதீர்கள். உண்மையான ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். உங்கள் அறையின் பரப்புக்குப் போதுமானதா, மாற்று வடிகட்டி எளிதாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஓசோன் வெளியிடுவதைத் தொடவேண்டாம். எரிச்சல்படும் மூக்குக்கு அது இன்னும் எரிச்சல்.

கேள்வி: உப்புநீரால் மூக்கைக் கழுவக் குழாய்த் தண்ணீர் போதாதா? குடிக்கிற தண்ணீர்தானே?

பதில்: குடிக்கலாம், மூக்கில் விடக்கூடாது. வயிற்றில் சாகும் சில கிருமிகள் மூக்கின் வழியே மூளைக்குப் போகும். நெக்லேரியா என்ற அமீபா அப்படித்தான், அபூர்வமென்றாலும் ஆளைக் கொல்லும். காய்ச்சி வடித்த நீர், இல்லாவிட்டால் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறிய நீர். லிட்டருக்கு 9 கிராம், அயோடின் சேர்க்காத உப்பு. கழுவும் குடுவையையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து காயவையுங்கள்.

கேள்வி: நூறு உணவுகளுக்கு ஐஜிஜி ரத்தப் பரிசோதனை, சலுகை விலையில். எடுக்கவா?

பதில்: வேண்டாம். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம். அது காட்டுவது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான், அலர்ஜியை அல்ல. மூக்குக்குத் தேவை தோலில் குத்திப் பார்க்கும் சோதனை, அல்லது அலர்ஜியில் பங்குள்ள ஐஜிஇ என்ற இன்னொரு புரதத்தைப் பார்க்கும் ரத்தச் சோதனை. தோல் சோதனை என்றால் தும்மல் மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் முடிவு பொய்யாக வரும்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு வலது மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி. எந்த சிரப் நல்லது?

பதில்: உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்ற பெற்றோருக்காக இங்கே. சிரப் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒழுகினால் சளி, அலர்ஜி என்று யோசிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நாறினால் மணியோ பஞ்சோ பட்டன் பேட்டரியோ உள்ளே போயிருக்கலாம். பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். வீட்டில் இடுக்கியால் நோண்டாமல், இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.