காட்டாமணக்கு பயோடீசல்: இந்த முறை வந்த கேள்விகள்

மழை விட்டதும், காட்டாமணக்கு எண்ணெயை டீசல் வண்டிக்கான பயோடீசலாக மாற்றுவது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் நான் ஏற்கெனவே எழுதியதையே திரும்பக் கேட்கிறார்கள். மீதிப் பேர் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு "இப்போது என்ன செய்யலாம்" என்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்குப் பதில் சொல்வதுதான் பெரிய கஷ்டம்.

ஐயா, எங்கள் ஏரிக்கரை முழுக்கக் காட்டாமணக்கு ஊதாப்பூ பூத்து நிற்கிறது. காயைப் பறித்து எண்ணெய் ஆட்டலாமா? (மாதவரம்)

ஊதாப்பூ என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேயே கதை முடிந்தது. அது நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில்தான் காட்டாமணக்கு, உறவுமுறையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பங்காளி. நமக்கு வேண்டியது வேலியோரம் நிற்கும் செடி, பூ சின்னதாக மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், காய்க்குள் கறுப்பாக இரண்டு மூன்று விதை. சின்ன வயதில் கிளையை ஒடித்து, வடிகிற சாறை ஊதி முட்டை விட்டோமே, அந்தச் செடி.

விளக்கெண்ணெய் 5 லிட்டர் வாங்கிவிட்டேன் அண்ணே. அதுவும் ஆமணக்குதானே? (புளியந்தோப்பு)

வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். ஆமணக்கு வேறு, காட்டாமணக்கு வேறு. விளக்கெண்ணெயிலும் பயோடீசல் வரும், ஆனால் டீசலைப் போல நாலைந்து மடங்கு கெட்டியாக வரும், அதைத் தனியாக ஊற்றினால் பம்ப் திணறும். கார்த்திகைக்கு ஆகும், வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டர் எண்ணெய்க்கு 200 மில்லி மெத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்), 5 கிராம் காஸ்டிக் சோடா என்ற கணக்கில்தான் போட்டேன். 20 லிட்டரும் தயிர் மாதிரி உறைந்துவிட்டது. எண்ணெய் கலப்படமா? (கொருக்குப்பேட்டை)

கலப்படம் இல்லை, பழசு. இதை எத்தனை தடவைதான் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை. அந்த 5 கிராம் கணக்கு நல்ல புது எண்ணெய்க்கு உரியது. காட்டாமணக்கு விதையைச் சாக்கில் கட்டி நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் போட்டு வைத்தால், எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். 14, 15 சதவீதம் வரைக்கும் ஏறும். 2 சதவீதத்தைத் தாண்டினாலே நீங்கள் போடுகிற காஸ்டிக் அந்த அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகும், பயோடீசல் ஆகாது. நீங்கள் 20 லிட்டர் சோப்புக் காய்ச்சியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். ராயபுரத்தில் பட்டறை வைத்த புதிதில் 50 லிட்டர் டிரம் ஒன்றை ராத்திரி கலக்கி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால், உள்ளே விட்ட மரக்கட்டை சாயாமல் நட்டுக்க நிற்கிறது. கரணையால் வெட்டித்தான் எடுத்தோம். டிரம்மைக் கழுவ இரண்டு நாள் ஆனது, அந்தக் கையரிப்பு இன்னும் மறக்கவில்லை.

சரி, அளப்பது எப்படி? பேட்டரி தண்ணீர் (அமிலம் இல்லை, காய்ச்சி வடித்த தண்ணீர்) 1 லிட்டரில் 1 கிராம் காஸ்டிக்கைக் கரையுங்கள். ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் 10 மில்லி ஐசோப்ரொபைல் ஆல்கஹால், அதில் 1 மில்லி எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். காஸ்டிக் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துத் துளித் துளியாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதே விஷயம்தான் இங்கேயும் நடக்கும். அந்தச் சிவப்பு அரை நிமிடம் மாறாமல் நின்றால் நிறுத்திவிட்டு எத்தனை மில்லி போனது என்று பாருங்கள். அதை 5 உடன் கூட்டினால் லிட்டருக்கு எத்தனை கிராம் காஸ்டிக் என்று வந்துவிடும். 2 மில்லி போனால் 7 கிராம். 1 மில்லிக்கு முக்கால் சதவீத அமிலம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், 3 மில்லிக்கு மேல் போய்விட்டால் கூட்டலெல்லாம் வேண்டாம். முதலில் எண்ணெயில் கால் பங்கு மெத்தனாலும் நூற்றுக்கு ஒன்று கந்தக அமிலமும் சேர்த்து 60 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் கலக்கி, ஒரு ராத்திரி தெளியவிட்டு, பிரிகிற தண்ணீரையும் மெத்தனாலையும் எடுத்துவிட்டு, மறுபடி அளந்துவிட்டுத்தான் காஸ்டிக் பக்கம் போக வேண்டும்.

எத்தனை அனுபவம் இருந்தாலும், புது எண்ணெய் வந்தால் முதலில் 1 லிட்டர் மட்டும். பிழைத்தால் பிறகு 20. அந்தத் தயிரைப் பக்கிங்ஹாம் கால்வாயில் கொட்டிவிடாதீர்கள், அதில் மெத்தனாலும் காஸ்டிக்கும் இருக்கிறது.

மெத்தனால் கேட்டால் கடையில் லைசென்ஸ் கேட்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா? (சௌகார்பேட்டை)

கேட்கத்தான் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது இந்த மெத்தனாலில்தான். குறுக்கு வழி சொல்ல மாட்டேன். லைசென்ஸ் உள்ள கல்லூரி, கம்பெனி யாரோடாவது சேர்ந்து செய்யுங்கள். கையில் வந்த பிறகும் குடிதண்ணீர் கேனில் ஊற்றி வைக்காதீர்கள். வேலை திறந்தவெளியில்தான், அடுப்பு நெருப்பு கூடாது. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் எரிந்தால் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது, சூடு பட்ட பிறகுதான் தெரியும்.

ஷேர் ஆட்டோவில் பாதிக்குப் பாதி ஊற்றினேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை நின்றுவிடுகிறது. (மூலக்கடை)

பயோடீசல் உங்கள் டேங்கைக் கழுவிக்கொண்டிருக்கிறது. பல வருட டீசல் கசடு கரைந்து வந்து ஃபில்டரை அடைக்கிறது. ஃபில்டரை இரண்டு தடவை மாற்றினால் சரியாகும். கூடவே ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், சாதா ரப்பர் ஊறிக் கொழகொழத்துப் போகும். ஒரேயடியாகப் பாதிக்குப் போனதுதான் தப்பு, நூற்றுக்கு 20க்கு மேல் போகாதீர்கள்.

ஜெனரேட்டரில் காட்டாமணக்கு எண்ணெயை அப்படியே ஊற்றி இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்களா? (ஓட்டேரி)

நாசிலை, அதாவது என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனையை, கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பயோடீசலாக மாற்றாத எண்ணெய் டீசலைப் போலப் பத்து மடங்கு கெட்டி. பூவாகச் சிதறாமல் துளியாக விழும், பாதி எரியாமல் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், என்ஜின் ஆயில் கூழாகும். இதெல்லாம் மூன்றாம் மாதத்துச் சமாச்சாரம்.

ரயிலே இதில் ஓடியதே, என் கார் ஓடாதா? காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் என்ஜின்) வண்டி. (பெரம்பூர்)

2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ஓடியது. கலந்தது 5 சதவீதம். அதை யாரும் சொல்வதில்லை! உங்கள் பேட்டையிலேயே லோகோ ஒர்க்ஸில் காட்டாமணக்கு எண்ணெயில் பயோடீசல் செய்து பார்த்தவர்கள் உண்டு, அவர்கள் லேபில் சோதித்து ஊற்றினார்கள், நீங்கள் பக்கெட்டில் கலக்கி ஊற்றப் போகிறீர்கள். காமன் ரெயில் இன்ஜெக்டர் என்ன விலை என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. போட் டேங்கில் 20 சதவீதக் கலப்பு பாதி இருக்கிறது, அப்படியே விடலாமா? (காசிமேடு)

விடாதீர்கள். 61 நாள், கடல் காற்று, பாதி டேங்க். பயோடீசல் டீசலைவிடத் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அடியில் தண்ணீர் தங்கி, அதற்கு மேலே வழவழவென்று பாசி மாதிரி ஒன்று வளரும், ஜூனில் கடலுக்குப் போகும்போது பாதி வழியில் ஃபில்டரில் வந்து உட்காரும். கடைசித் தங்கல் பயணத்தை வெறும் டீசலில் ஓட்டி முடியுங்கள், பம்பிலும் லைனிலும் டீசலே நிற்கட்டும். மிச்சக் கலப்பை வடித்து, மூடி இறுகிய கேனில் நிழலில் வையுங்கள்.

பிண்ணாக்கை ஆட்டுக்கு வைக்கலாமா? (மணலி)

கூடாது. விஷம். எருவாகப் போடலாம். விதையையும் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள், ருசியாக இருக்கிறது என்று தின்றுவிட்டு வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது வருடா வருடம் நடக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் இருக்கிறது, செடி நட்டால் வண்டிக்கு ஆகுமா? (எண்ணூர்)

லிட்டர் எண்ணெய்க்கு 4 கிலோ விதை. கீரை போடுங்கள்.

பாட்டிலில் சாம்பிள் கொடுத்தனுப்பினேனே, பார்த்தீர்களா? (திருவொற்றியூர்)

பார்த்தேன். ஜன்னலில் வைத்து மூன்று நாள் ஆகிறது, இன்னும் பின்னால் இருக்கும் கம்பி தெரியவில்லை. அதில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரால் நன்றாகக் கழுவிய பிறகு 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, சடசடப்பு அடங்கும் வரை வைத்தால் தெளியும். 27 மில்லி மெத்தனாலில் உங்கள் சரக்கை 3 மில்லி விட்டும் பார்த்தேன், அடியில் மாறாத எண்ணெய் முத்து முத்தாக நின்றது. வேலை முழுசாக முடியவில்லை, அதனால் முதலில் காய்ச்சித் தண்ணீரைப் போக்கிவிட்டு, ஆறிய பிறகு மறுபடி மெத்தனாலும் காஸ்டிக்கும் கொஞ்சம் போட்டு ஓட்டி, கழுவி, திரும்பக் காய்ச்ச வேண்டும். பாட்டிலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இனிமேல் குளிர்பான பாட்டிலில் அனுப்பாதீர்கள், என் பேரன் அதைக் கையில் எடுத்துவிட்டான்.