வெறும் மாடா?

கேள்வி: அமெரிக்கா அணு ஏவுகணை வைத்திருந்த இங்கிலாந்தின் க்ரீன்ஹாம் காமன் விமானத் தளத்தில் இப்போது வெறும் மாடு மேய்கிறதாமே, நிஜமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: மேய்கிறது. ஆனால் அதென்ன 'வெறும்' மாடு? கோர்ட் ஏறி ராணுவ அமைச்சகத்தையே மண்ணைக் கவ்வ வைத்த மாடு ஐயா அது!

நியூபெரி ஊரை ஒட்டிய பொதுநிலம். அக்கம்பக்கத்தார் சிலருக்கு அங்கே மாடு மேய்க்கப் பரம்பரை உரிமை உண்டு. 1941இல் போருக்கென்று அரசு எடுத்துக்கொண்டது. 1944 ஜூன் 5 மாலை, முகத்தில் கரி பூசி பிரான்சின் நார்மண்டிக்குக் கிளம்பும் பாராசூட் வீரர்களோடு நேச நாட்டுப் படைத் தலைவர் ஐசனோவர் பேசுகிற பிரபலமான புகைப்படம் எடுத்தது இங்கேதான். 1950களில் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களுக்காக ஓடுதளத்தை 10,000 அடிக்கு நீட்டினார்கள். 1983இல் க்ரூஸ் ஏவுகணைகள் வந்தன.

ஏவுகணை வரப்போவதை எதிர்த்து, வேல்ஸின் கார்டிஃபிலிருந்து நடந்தே வந்த பெண்கள் 1981லேயே வேலிக்கு வெளியே கூடாரம் போட்டுவிட்டார்கள். கம்பியை வெட்டி உள்ளே போவார்கள், கைதாவார்கள், திரும்பவும் போவார்கள். அலுத்துப்போன அமைச்சகம், அனுமதியில்லாமல் நுழைந்தால் குற்றம் என்று 1985இல் துணைவிதி போட்டது. அதில் மாட்டிய இரண்டு பெண்கள் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை வழக்காடினார்கள். கைகொடுத்தது 1892ஆம் வருஷத்து ராணுவ நிலச் சட்டம். துணைவிதி எதுவும் பொதுநில உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது அது. இவர்கள் போட்ட விதியோ மாட்டுக்காரரையும் சேர்த்தே தடுத்தது. செல்லாது என்று 1990இல் தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், வழக்காடிய இருவருக்குமே அங்கே மேய்ச்சல் உரிமை கிடையாது!

இந்த ரக ஏவுகணைகளை ஒழிக்க அமெரிக்காவின் ரீகனும் சோவியத்தின் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தப்படி 1991இல் கடைசி ஏவுகணையும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஓடுதளத்தைப் பெயர்த்தெடுத்து அந்தக் கான்கிரீட்டைப் பக்கத்துப் புறவழிச்சாலைக்குப் போட்டார்கள். 2000இல் நிலம் ஜனங்களுக்கும் மாடுகளுக்கும் திரும்ப வந்தது. ஏவுகணைக் கிடங்குகள் ஆறும் மண்மேடு போர்த்தி இன்னும் நிற்கின்றன. அவற்றை இடிக்கக் கூடாதாம், வரலாற்றுச் சின்னம்!

நம் ஊரிலும் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று பதிவேட்டில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் ஆபீஸ் கட்டடமோ பஸ் ஸ்டாண்டோ இருக்கும். இதைப் பல தடவை எழுதியாயிற்று, 'ஆசிரியருக்கு மாட்டுப் பைத்தியம்' என்று கடிதம் வந்ததுதான் மிச்சம்.

கடைசியாக, ஹிரோஷிமா நாளான ஆகஸ்ட் 6 வந்தால் வெள்ளைப் புறாக் கவிதையைக் கட்டுக்கட்டாக அனுப்பும் கவிஞர்களுக்கு ஒரு வார்த்தை. புறா எந்தத் தளத்தையும் காலி செய்ததாகத் தகவல் இல்லை. அடுத்த வருஷம் மாட்டை வைத்து எழுதுங்கள், பிரசுரிப்பது பற்றி யோசிக்கிறேன். 'ஆவினமே, அமைதியே' என்று ஆரம்பித்தால் மட்டும் குப்பைக்கூடைதான்.