சீல் வைத்த கடை, பூட்டிய மொட்டைமாடி: வாசகர் கேள்வி-பதில்

நெல்லை வண்ணார்பேட்டை வணிக வளாகத்தில் முதல் மாடியில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் 4 லட்சம். அனுமதி இரண்டு தளத்துக்கு, கட்டியிருப்பது நாலு என்று மாநகராட்சி சீல் வைத்துவிட்டது. சரக்கு உள்ளே கிடக்கிறது. ஓனர் போனை எடுப்பதில்லை.

அண்ணாச்சி, விதியை மீறியவர் அவர். தெருவில் நிற்பது நீங்கள். இது பெரிய அநியாயம். முதலில் கதவில் ஒட்டிய நோட்டீஸை எழுத்து தெரியும்படி படம் எடுங்கள். பெரும்பாலும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் இருக்கும். பிரிவையும் தேதியையும் இனி எழுதும் ஒவ்வொரு மனுவிலும் சேருங்கள்.

அடுத்து ஆணையருக்கு மனு. கட்டடத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். சரக்கை எடுக்க மட்டும் ஒரு நாள் திறந்துவிடக் கேளுங்கள். ஸ்டாக் பட்டியல், கொள்முதல் பில், வாடகை ஒப்பந்த நகல் மூன்றையும் இணையுங்கள். தள்ளிப்போடாதீர்கள், ஐப்பசி மழையில் பூட்டிக் கிடக்கும் துணி பூசணம் பிடித்துவிடும்.

அட்வான்ஸுக்கு, ஒப்புகையோடு வக்கீல் நோட்டீஸ். வெறும் வாடகைத் தகராறு நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கஷ்டம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்தான் உங்களுக்குப் பலம்.

புது காம்ப்ளக்ஸில் இப்போதே கடை புக் செய்தால் தள்ளுபடியாம். அப்ரூவல் "வந்துரும்" என்கிறார்கள். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். வந்த பிறகு கட்டுங்கள்.

மகள் படிக்கும் கோச்சிங் சென்டர் பாளையங்கோட்டையில் மூன்றாம் மாடி. ஒரே படிக்கட்டு, அதிலும் பாதி செருப்பு ஸ்டாண்டு. கீழே மீட்டர் போர்டு. மொட்டைமாடிக் கதவில் பூட்டு. கேட்டால் "திருட்டு பயம்" என்கிறார்கள். நான் அதிகமாகப் பயப்படுகிறேனா?

இல்லை தாயே. பயப்பட வேண்டிய இடம்தான் அது.

தீ விபத்தில் பலரையும் கொல்வது புகை. மீட்டர் போர்டு படிக்கட்டுக்கு அடியில் இருந்தால், லூஸ் கனெக்‌ஷன் சூடாகி ஒயர் பற்றும்போது, அந்தப் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். பிள்ளைகள் இறங்க இருக்கும் ஒரே வழியில் புகை மேலே ஏறும். மேலே ஓடினால் பூட்டு. டெல்லி உபஹார் திரையரங்கில் 1997-இல் 59 பேர் போனதும், சூரத் கோச்சிங் சென்டரில் 2019-இல் 22 பேர் போனதும் வெளியேற வழி இல்லாமல்தான். அதற்குப் பிறகும் நம் ஊரில் படிக்கட்டை ஸ்டோர் ரூமாக வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அட்டைப்பெட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீர் கேன் என்று அடுக்குகிறார்கள். மீதி இருக்கும் சந்தில் எத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறங்க முடியும்?

டேப் எடுத்துப் போங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 இத்தகைய கட்டடத்துக்குக் கேட்கும் படிக்கட்டு அகலம் 1.5 மீட்டர். செருப்பு ஸ்டாண்டை விட்டு, கால் வைக்க மிச்சமிருக்கும் இடத்தை மட்டும் அளந்து பாருங்கள். வெளியேறும் கதவு 1 மீட்டர் அகலம் இருக்கிறதா, வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் திறக்கும் கதவைக் கூட்டம் நெருக்கினால் திறக்கவே முடியாது. மாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டாம்; உள்ளிருந்து கையால் திறக்கும் தாழ்ப்பாள் போதும், திருடனுக்கும் அது தடைதான்.

படங்களோடு மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் தனித்தனி மனு கொடுங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, அனுமதி வரைபட நகலையும் கட்டட நிறைவுச் சான்றிதழ் நகலையும் மாநகராட்சியில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவரை பிள்ளையை அங்கே அனுப்ப வேண்டாம். ஃபீஸைத் திருப்பிக் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள்.

டவுண் ரதவீதிக் கடைக்குத் தீயணைப்பான் வாங்க வேண்டும். ஆன்லைனில் பாதி விலை. வாங்கலாமா?

பாதி விலைக்கு நானும் ஒன்று வாங்கினேன். ஆறே மாதத்தில் அழுத்தமானி முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஐஎஸ் 15683 தர முத்திரையும் சிஎம்/எல் என்ற உரிம எண்ணும் உருளையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உண்மை தெரியும். பொதுக் கடைக்கு 6 கிலோ ஏபிசி பவுடர், மின்பலகைக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு. பவுடர் உருளையில் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். சரக்குக்குப் பின்னால் மாட்டாதீர்கள்.

நோட்டீஸ் வந்த கட்டடம் என்று தெரிந்தேதான், விலை குறைவு என்று இரண்டு கடை வாங்கினேன். இப்போது இடிக்க வருகிறார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?

தெரிந்தே வாங்கியவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கடையில் வாடகைக்கு இருப்பவரிடம் உண்மையைச் சொல்லி, அவர் அட்வான்ஸை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.