மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருக்கொடுக்கும் கடைசல் வேலைக்கும் மோர் கடைவதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இரண்டிலும் 'கடை' என்ற ஒரே வினைச்சொல்தான். மோர் கடையும்போது மத்தில் கயிற்றைச் சுற்றி இரு கையாலும் மாறி மாறி இழுப்பார்கள். மத்து முன்னும் பின்னும் சுழலும். மோட்டார் வருவதற்கு முன் கடைசல் பட்டறையிலும் இதே கதைதான்: கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளியைப் பிடிப்பார். பம்பரம், கட்டில்கால் எல்லாம் அப்படி உருண்டு வந்தவை. கட்டையில் கோலைச் சுழற்றித் தீ உண்டாக்கும் தீக்கடைகோலிலும் அதே சுழற்சி. ஆண்டாள் பாடிய 'வங்கக் கடல் கடைந்த மாதவ'னுக்கோ கயிறு வாசுகிப் பாம்பு!

கீரை கடைவதில் கயிறு போய் மத்து மட்டும் மிச்சம். 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்ற வசவும் வெண்ணெய் திரட்டுவதிலிருந்து வந்ததாகவே எனக்குப் படுகிறது. அப்புறம், செதுக்குவது வேறு: அங்கே மரம் சுழலாது, உளிதான் நகரும்.