கீமோ மருந்து ஏறும்போது கை வலித்தால் என்ன செய்வது?

மண்டபத்திலிருந்து மதுரைக்குச் சென்று ஆக்ஸாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொள்ளும் உங்கள் தாயாருக்கு, டிரிப் ஓடும்போதே முழங்கைக்கு மேல் வரை வலி இழுக்கிறது, பொறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளவே வேண்டாம், உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் "பாவம், அவங்களுக்கு எத்தனை வேலை" என்று வாய் திறக்காமல் இருந்துவிடுவதுதான் சிக்கல்.

ஊசி குத்திய இடத்தில் வீக்கம், சிவப்பு, எரிச்சல் இருந்தாலோ, டிரிப் மெதுவானாலோ மருந்து இரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்திருக்கலாம் என்பதால், மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே தங்கியதை ஊசி வழியாகவே உறிஞ்சி எடுக்க முயல்வார்கள் என்பதால் ஊசியை நீங்களே பிடுங்கிவிடக் கூடாது. கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, வழக்கமாக 2 மணி நேரத்தில் ஏற்றும் இம்மருந்தை மருத்துவர் இன்னும் மெதுவாக ஓடவிடலாம். நர்ஸ் அனுமதித்தால் மேல்கையில் வெதுவெதுப்பான துணியைச் சுற்றலாம். ஐஸ் ஒத்தடம் இந்த மருந்துக்கு ஆகாது. குளிர் பட்டால் விரல்கள் மரத்துக் குத்தும் என்பதால், வீடு திரும்பிய சில நாட்களுக்கு ஐஸ் பெட்டியிலிருந்து மீன் எடுப்பதையும் குளிர்ந்த நீரில் அலசுவதையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு முறையும் வலி தொடர்ந்தால், மார்புத் தோலுக்கடியில் பொருத்தி, அதன் வழியே மருந்து ஏற்றும் 'போர்ட்' கருவி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊர் திரும்பியபின் கை முழுவதும் வீங்கினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.