ஆரே ஆற்றங்கரையில் தனியாக நடக்க விரும்பும் தங்கச்சிக்கு

சுவிஸின் பேர்ன் நகருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வார இறுதிகளில் யாரையும் எதிர்பார்க்காமல் தனியாக ஊரைச் சுற்ற வேண்டும், ஆரே ஆற்றங்கரையில் நீளமாக ஒரு நடை போக வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பெண் தனியாகப் போகலாமா, கோடையில் எல்லாரும் ஆற்றில் குதிக்கிறார்களே நானும் இறங்கலாமா, என்ன சப்பாத்து வாங்குவது, யுங்ஃபிரா மலைக்குப் போய்வர எவ்வளவு காசு முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "மாமி வீட்டார் தனியாகப் போகவே வேண்டாம் என்கிறார்கள்." அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தாராளமாகப் போங்கள், தங்கச்சி. பகலில் அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக நடப்பது யாருடைய கண்ணையும் உறுத்தாது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடும் தாய்மாரையும், இரண்டு கைத்தடிகளை ஊன்றி விறுவிறுவென்று போகும் பாட்டிமாரையும் காண்பீர்கள். இருட்டிய பிறகு மட்டும் வேண்டாம். பல இடங்களில் விளக்கு இல்லை, மரவேர் காலைத் தடுக்கும்.

மாமிக்கு உங்கள்மேல் அக்கறை. ஆனால் அந்தப் பயம் இந்த ஊரை அறியாததால் வருவது. முப்பது வருடம் இங்கே இருந்தும் ரயில் நிலையம், தமிழ்க் கடை, கோயில், கலியாண மண்டபம் தவிர வேறெதையும் காணாதவர்கள் எங்கள் சனத்தில் ஏராளம். ஊரிலிருந்து ஆள் வந்தால் காரில் ஏற்றி ரைன் நீர்வீழ்ச்சிக்குக் கொண்டுபோவார்கள், வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள், கட்டிக்கொண்டு போன புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். தங்கள் ஊருக்குள் ஓடும் ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தெரியாது. இரட்டை வேலை செய்து களைத்த சனம் என்பது எனக்கு விளங்கும், நானும் அப்படி உழைத்தவன்தான். ஆனாலும் இதில் எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பா சதுக்கத்தில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில், பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்தரின் வழிபாட்டிடமும் இருக்கும் அதே கூரையின் கீழ் எங்கள் சிவன் கோயிலும் இருக்கிறது, தமிழிலேயே பூசை நடக்கிறது. அது எங்களுக்குப் பெருமை. அங்கே போய்விட்டு ஆற்றுக்கும் போங்கள்.

நான் வந்தது எண்பதுகளின் கடைசியில், ஒரு ஜனவரி மாதம். தஞ்சம் கேட்டவர்களை மாநிலங்களுக்குப் பங்கிட்டு அனுப்புவார்கள், எனக்கு விழுந்தது பேர்ன். ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை மூன்று மணிநேரம் போல வெளியே விட்டுவிடுவார்கள். சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள், சம்பளம் கிடையாது. அறைக்குப் போய்வரப் பஸ் காசு கட்டாது. கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் அதற்கும் காசு. ரயில் நிலையத்தில் நான்கு தமிழர் சேர்ந்து நின்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம் அது. ஆகவே நடந்தேன். ஊரிலிருந்து வந்த மெல்லிய சப்பாத்தோடு, ஈரக் கையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, கால் போன வழியில் இறங்கினால் ஆறு வந்தது.

பனிக்காலத்து ஆரே பச்சைக் கண்ணாடி நிறத்தில் இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தெரியும். காதைக் கொடுத்துக் கேட்டால் அந்தக் கற்கள் உருண்டு உரசும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும். எதிரே வந்த ஒரு முதியவர் "க்ரூஎஸ்ஸெக்" என்றார். எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அந்த நாட்டில் காரணமில்லாமல் எனக்கு வணக்கம் சொன்ன முதல் மனிதர் அவர். சுவிஸ்காரர் கதைக்கமாட்டார்கள், ஒட்டமாட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அவர்களை ட்ராமில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். நடைபாதையில் பாருங்கள்: எதிர்ப்படும் எல்லாரும் வணக்கம் சொல்வார்கள், நீங்களும் சொல்ல வேண்டும். நான் பேர்ன் மொழியைக் கற்றது வகுப்பறையில் இருந்ததைவிட அந்தப் பாதையில்தான் அதிகம். இன்று என் பேச்சைத் தொலைபேசியில் கேட்பவர்கள் நான் இந்த ஊரில் பிறந்தவன் என்றே நினைக்கிறார்கள்.

இனி ஆற்றில் இறங்குவது பற்றி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். நாங்கள் கிணற்றிலும் கேணியிலும் கடலிலும் நீந்தப் பழகியவர்கள். கீரிமலைக் கேணியில் குதித்து எழும்பியவன் நான் என்ற தைரியம் இங்கே உதவாது. கேணியில் களைத்தால் சுவரைப் பிடிக்கலாம். ஆரேயில் களைக்கும் நேரத்தில் நீங்கள் இருநூறு மீட்டர் கீழே போயிருப்பீர்கள். இந்த ஆறு கிரிம்சல் பக்கத்துப் பனியாறுகளில் பிறந்து, பிரியன்ஸ் ஏரியையும் துன் ஏரியையும் கடந்து வருகிறது. நடுக்கோடையில்கூட 20 பாகையைச் சுற்றித்தான் இருக்கும். மே மாதத்தில் வெயில் முதுகைச் சுடும், தண்ணீரோ பத்துப் பன்னிரண்டு பாகை. அதில் திடீரென்று இறங்கினால் மூச்சு தன்பாட்டில் இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. பிறகு கையும் காலும் சொல் கேட்காது.

என்னோடு குசினியில் வேலை செய்த ஒரு பையன் இருந்தான். கடற்கரை ஊர்க்காரன், நல்ல நீச்சல்காரன். ஜூன் மாதத்து வெயிலில் ஜீன்ஸோடு இறங்கினான். ஜீன்ஸ் நனைந்து கனத்தது, நீரோட்டம் இழுத்தது. கரையேறும் படியின் கம்பியை எட்டிப் பிடித்தான், பிடி நழுவியது. அடுத்த கம்பியையும் தவறவிட்டான். கரையில் படுத்திருந்த ஒரு சுவிஸ் அம்மா பாய்ந்து அவனைப் படியோடு அணைத்துப் பிடித்தார். வெளியே தூக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. சூடாகக் கொடுத்த தேநீர்க் கோப்பையை அவனால் பிடிக்க முடியவில்லை, விரல்கள் மடங்கவில்லை. அவனுக்கு நீந்தத் தெரியும். ஆனால் ஆற்றைத் தெரியாது.

உள்ளூர்க்காரர்கள் செய்வது இதுதான். மார்சிலி குளியல் இடத்திலிருந்து கரையோரமாக மேலே ஐக்ஹோல்ஸ்வரை நடப்பார்கள், அங்கே மெதுவாக இறங்கி உடம்பை நனைப்பார்கள், பிறகு ஆறு கொண்டுவரும் வழியில் மிதந்து மார்சிலியில் ஏறுவார்கள். கரையெங்கும் சிவப்புக் கம்பி போட்ட படிகள் இருக்கின்றன. இறங்கிய கணத்திலிருந்தே எந்தப் படியில் ஏறப்போகிறோம் என்ற நினைவு வேண்டும். படி தெரிந்த பிறகு கரைக்குத் திரும்பினால் பிந்திவிடும், அதற்கு நன்றாக முன்பே இடது கரையை ஒட்டி வந்துவிட வேண்டும். கம்பியைப் பிடித்ததும் கால் இரண்டும் கீழ்நோக்கி இழுபடும், தோள் அதிரும். பதறாமல் மறுகையாலும் பிடித்து உடம்பைப் படிக்குக் கொண்டுவர வேண்டும். கடைசிப் படியை நம்பி இருக்கவே கூடாது. மார்சிலியைத் தாண்டினால் கீர்ஹன்ஃபெல்ட் பாலத்துக்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பணை. அங்கே போனவருக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

ஆகவே நன்றாக நீந்தத் தெரியாவிட்டால் இறங்கவே வேண்டாம். முழங்கால் அளவுக்குக்கூட வேண்டாம், கல் வழுக்கும். தெரிந்தாலும் முதல் தடவை உள்ளூர் ஆள் ஒருவரோடு மட்டும் இறங்குங்கள். இந்த ஒன்றைத் தனியாகச் செய்யாதீர்கள். மழை பெய்து தண்ணீர் கலங்கி மரக்கட்டை மிதந்து வரும் நாளில் வேண்டாம். பியர் குடித்த நண்பர்களோடு வேண்டாம். ஷோனவ் நடைபாலத்திலிருந்து பையன்கள் குதிப்பார்கள், பார்த்து ஆசைப்படாதீர்கள். ஆற்றின் வெப்பநிலையும் நீர்வரத்தும் ஆரே குரு செயலியில் தெரியும், உள்ளூர்க்காரர் அதைப் பார்க்காமல் இறங்கமாட்டார்கள். வேலையிடத்தில் யாராவது துன் நகரிலிருந்து ரப்பர் படகில் வரலாம் என்று கூப்பிட்டால், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வழியில் உத்திகன் என்ற ஊரில் ஆறு புரளும் இடம் ஒன்று இருக்கிறது, படகுகள் அங்கே கவிழும். படகுகளை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வருபவர்களோடு ஏறவே வேண்டாம். பாலத்தூணில் ஒரு படகு ஒருபுறமும் மற்றது மறுபுறமும் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நீச்சல் பழக விருப்பமென்றால் நகரத்தின் திறந்தவெளிக் குளங்களில் அனுமதி இலவசம், மார்சிலியிலும் குளம் உண்டு. என் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் நீந்தப் பழகினார்கள். நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, அவர்களோடு போய் முறையாகப் பழகினேன்.

நடைக்கு என் யோசனை: ரயில் நிலையத்தில் எஸ்1 ரயில் ஏறி முன்சிங்கனில் இறங்குங்கள். மஞ்சள் அம்புப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு வந்து, ஓட்டத்தோடு பேர்னை நோக்கி நடங்கள். மேடு பள்ளம் கிடையாது, நிதானமாக நடந்தால் நான்கு மணிநேரத்துக்கு மேல் பிடிக்கும். பலகையில் கிலோமீட்டர் போட்டிருக்காது, எவ்வளவு நேரம் என்றுதான் இருக்கும். மஞ்சள் நிறம் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை கண்டால் அது மலைப்பாதை, அதற்கு வேறு சப்பாத்து வேண்டும், இப்போது வேண்டாம். வழியில் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று வரும், அவுகெட் பாலம். அதற்குள் நின்று பலகை இடுக்கால் கீழே பாருங்கள், ஆற்றின் வேகம் என்னவென்று அங்கே தெரியும். மூரி என்ற ஊருக்குக் கீழே எஞ்சின் இல்லாத படகு ஒன்று குறுக்கே கட்டிய கம்பியில் நீரோட்டத்தின் பலத்தாலேயே கரை மாறுகிறது. பிறகு எல்ஃபெனவ். ரஷ்ய இளவரசர் கொன்ஸ்தாந்தீனை விட்டுப் பிரிந்து வந்த அன்னா ஃபியோதரொவ்னா 1814இல் வாங்கி வாழ்ந்த தோட்டம் அது. இருநூறு வருடத்துக்கு முன்பே ஒரு பெண் பிறநாட்டிலிருந்து வந்து இந்த ஆற்றங்கரையைத் தனக்கென்று தேர்ந்தெடுத்திருக்கிறாள், மாமியிடம் இதையும் சொல்லுங்கள். டேல்ஹோல்ஸ்லி விலங்குத் தோட்டத்தின் ஆற்றோரப் பகுதியைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். கால் வலித்தால் இடையில் எங்கேயும் மேலே ஏறிப் பஸ் பிடிக்கலாம்.

நகரத்துக்குள் என்ன பார்ப்பது என்று அதிகம் எழுதவில்லை, அது எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. ஆறு மூன்று பக்கமும் வளைத்துக் கிடக்கிறது, வழி தவறவே முடியாது. ரயில் நிலையத்திலிருந்து வளைவு மண்டபங்களுக்குள்ளேயே கீழே நடந்தால் மழையில் நனையாமல் நிடெக் பாலம்வரை வரலாம். 1405இல் ஊர் எரிந்த பிறகு மணற்கல்லால் கட்டியெழுப்பிய தெருக்கள் அவை. கிராம்காஸே 49ஆம் இலக்க வீட்டில் 1903 முதல் 1905வரை ஐன்ஸ்டைன் குடியிருந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பொம்மைகள் மணியடிக்கச் சில நிமிடங்களுக்கு முன்பே ஆடத் தொடங்கிவிடும், பிந்திப் போகாதீர்கள். தெருவோர நீரூற்றுகளில் வருவது நல்ல குடிதண்ணீர், போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் எங்கள் ஆட்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

டிக்கெட் எடுக்காமல் ஒரு தரிப்பிடத்துக்குக்கூட ஏறாதீர்கள். "இந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள்" என்று சொல்லித்தரும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். பிடிபட்டால் நூறு பிராங் அளவில் போய்விடும், பெயரும் பதிவாகும். முதல் சம்பளத்திலேயே ஹால்ப்டாக்ஸ் அட்டை எடுங்கள், ரயிலும் மலை ரயிலும் பெரும்பாலும் பாதி விலைக்கு வரும்.

சப்பாத்துக்கு இருநூறு பிராங் கொட்ட வேண்டியதில்லை, அடி வழுக்காத எதுவும் போதும். யுங்ஃபிரா எங்கேயும் ஓடிவிடாது, அதற்குக் காசு சேர்த்துக்கொண்டு பிறகு போகலாம். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் முன்சிங்கனில் கடை பூட்டியிருக்கும், பாணும் பழமும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.