சும்மா இருப்பவன்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் தம்பி வேலை இழந்து ஏழு மாதமாகிறது. அரசு தரும் உதவித்தொகை, நான் அனுப்பும் பணம் இரண்டையும் வைத்து ஓட்டுகிறான். தேடி வந்த இரண்டு வேலைகளை வேண்டாம் என்றுவிட்டான். சும்மா இருப்பவனுக்குக் காசு, உழைப்பவனுக்கு வரி என்றால் யார்தான் உழைப்பார்கள்? நான் பணம் அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வரியை முடித்துவிடுவோம். வரி ஏறினால் சிலர் ‘எதற்கு இந்தப் பாடு’ என்று குறைத்துக்கொள்வார்கள். சிலர் போன காசை ஈடுகட்டக் கூடுதல் ஷிப்ட் பார்ப்பார்கள். ஐஸ்லாந்தில் வசூல் முறையை மாற்றியபோது 1987ஆம் ஆண்டு வருமானத்துக்கு வரியே இல்லாமல் போனது. மக்கள் அந்த ஆண்டு கூடுதலாகத்தான் உழைத்தார்கள். சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘சும்மா இருப்பவன்’ என்று கூடப்பிறந்தவனை எழுதினீர்களே, அதற்குத் திட்டத்தான் வேண்டும்.

உதவித்தொகை நீண்டால் வேலை தேடும் காலமும் நீள்கிறது, உண்மை. அதைச் சோம்பல் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? ஆஸ்திரியாவின் பழைய சட்டப்படி, மூன்று வருடம் முடித்தவரை நிறுவனம் வேலையைவிட்டு அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளத்தை மொத்தமாகத் தர வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும் கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பணம் வாங்கியவர்கள் அடுத்த வேலைக்குப் போகக் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நாளைக்கே வேலை கிடைத்தாலும் அந்தப் பணத்தில் ஒரு காசு குறையாது. கவனியுங்கள், வேலைக்குப் போனால் நின்றுவிடும் பணம் அல்ல அது. சும்மா இருக்கக் கொடுத்த கூலியும் அல்ல. பிறகு ஏன் தாமதம்? கையில் காசு இருந்தவன் நிதானமாகத் தேடினான், இல்லாதவன் கிடைத்ததில் விழுந்தான். (நிதானமாகத் தேடியவர்களுக்குச் சம்பளம் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

விழுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வயதில் வேலை போனது. வாடகைக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஒரு நேர்காணல். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், அவர்கள் நீட்டிய பேனாவிலேயே கையெழுத்துப் போட்டேன். பதினான்கு மாதம் ஒரு சரக்குக் கிடங்கில் இரவுக் கணக்கு எழுதினேன். பகலில் தூங்கி விழுந்ததால் வேறு வேலை தேடவும் முடியவில்லை. எல்லோரும் என்னைப் பொறுப்பான பையன் என்றார்கள்.

தம்பி வேண்டாம் என்ற அந்த இரண்டு வேலைகள் என்னென்ன? கடிதத்தில் இல்லை. நீங்கள் அவனிடம் கேட்கவே இல்லை போலிருக்கிறது.